குளூட்டனற்ற பிறவுனி மாக்கலவையும் கமக்காரர் இல்லமும்

கமக்காரர் விளைவிக்கும் நெல் களத்திலிருந்து மூடை மூடையாக வெளியேறுகின்றது. அரிசி மாவோ சில வேளைகளில் வண்ணப் பெட்டியொன்றினுள் அடைக்கப்பட்டு, நெல்லின் விலையோடு ஒப்பிட முடியாத விலையில் நகரத்துக் கடைகளில் வந்து அமர்கின்றது. 'குளூட்டனற்ற பிறவுனி மாக்கலவை' என்று பெயர் பொறித்து விற்கப்படும் பெட்டி இதற்கு நல்ல உதாரணமாகும். அதன் பக்கத்தில் அச்சிடப்பட்டுள்ள பொருள்களின் பட்டியலை வாசிப்போர், சீனி, கொக்கோத் தூள் என்பவற்றோடு அரிசி மாவும், மரவள்ளி அல்லது உருளைக்கிழங்கிலிருந்து எடுத்த மாப்பொருளும் அங்கு இடம்பெறுதலைப் பெரும்பாலும் காண்பர். இவற்றுள் அரிசியும் மரவள்ளியும் இந்நாட்டுக் கமக்காரர் நன்கு அறிந்த விளைபொருள்களாகும்.

இத்தகைய கலவையை வீட்டிற் பரீட்சித்துப் பார்ப்பது கமக்காரர் குடும்பத்துக்கு வீண்வேலையன்று. ஆயின், அப்பெட்டியின் மேலுள்ள 'குளூட்டனற்றது' என்னும் ஒரு சொல்லை எவரும் எளிதாக எடுத்தாளலாகாது. இவ்விரண்டையும் எடுத்துக் கூறுவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

பிறவுனி என்பது யாது?

பிறவுனி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றிய ஒரு கொக்கோப் பலகாரம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்நாட்டுச் சமையல் நூல்களில் அது இடம்பெற்றுவிட்டது. கேக்கைப் போலப் பொங்கி எழாமல், தட்டையாகவும் ஈரப்பிடிப்பாகவும் இருப்பதே அதன் இலட்சணம். மேலே மெல்லிய பொருக்கும், உள்ளே தொதலை நினைவூட்டும் மென்மையும் அமைந்திருக்கும். தட்டில் ஊற்றி வெதுப்பி, ஆறியபின் சதுரத் துண்டுகளாக வெட்டி உண்பர்.

குளூட்டன் என்பது யாது?

கோதுமை, வாற்கோதுமை, றை ஆகிய தானியங்களில் உள்ள ஒருவகைப் புரதமே குளூட்டன் எனப்படுகின்றது. கோதுமை மாவை நீர் விட்டுப் பிசையும்போது அது இழுபடுவதற்கும், பாண் பொங்கும்போது காற்றைப் பிடித்து வைத்திருப்பதற்கும் இப்பசைப் புரதமே காரணம். அரிசி, குரக்கன், தினை, சாமை, சோளம், இறுங்கு, உளுந்து, பயறு, மரவள்ளி ஆகியவற்றில் அது இல்லை. ரவை, சேமியா, ஆட்டா மா என்பன வெவ்வேறு பெயர் பெற்றிருப்பினும் பொதுவாகக் கோதுமையிலிருந்து வருவனவே என்பதை மறத்தலாகாது.

பெரும்பாலான மக்களுக்குக் குளூட்டன் யாதொரு தீங்கும் செய்வதில்லை. ஆனால் சீலியாக்கு என்னும் நோயுடையோருக்கு அது பெருந்தீங்காகும். குளூட்டன் சேர்ந்த உணவை அவர்கள் உண்டால், உணவின் சத்தை உறிஞ்சும் சிறுகுடற் சடைமுளைகள் சிதைவுறுகின்றன. வயிற்றோட்டம், இரத்தச்சோகை, உடல் மெலிவு, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு முதலியன தொடர்கின்றன. ஒல்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவராகிய வில்லெம் டிக்கே, கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1950ஆம் ஆண்டில் உட்றெக்ற் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் நிறுவினார். ஐரோப்பிய நாடுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் இந்நோயுடையோர் எனக் கணிக்கப்படுகின்றது. குளூட்டனை ஆயுள் முழுவதும் அறவே தவிர்த்தலே இதற்குரிய பரிகாரம். இத்தகையோருக்குப் பெட்டியின் மேலுள்ள அச்சொல் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் போன்றது.

இந்நோய் இல்லாதவர் குளூட்டனற்ற பலகாரத்தை உண்பதால் விசேட நன்மை பெறுவர் என்று எண்ணுதல் தவறு. பிறவுனியிற் சீனியும் கொழுப்பும் மிகுதி. நீரிழிவு உடையோருக்கு அது ஏற்ற உணவன்று. அரிசி மாவினாற் செய்யப்பட்டது என்பதால் இவ்வுண்மை மாறிவிடாது.

அரிசி மாவுக்கு ஏற்ற பலகாரம்

அரிசி மாவினாற் பாண் செய்ய முயன்றோர் பலர் மனம் சோர்ந்துள்ளனர். பசைப் புரதம் இல்லாமையால் மா காற்றைத் தாங்காது. வெந்தது கல்லைப் போல இறுகிவிடும். மேலும் இலங்கையிற் பயிரிடப்படும் நெல்லினங்களிற் பெரும்பாலானவை அமைலோசு என்னும் மாப்பொருட் கூறு மிகுந்தவை. சோறு உதிரியாக இருப்பதற்கு உதவும் அதே குணம், வெதுப்பிய பண்டம் ஆறியதும் விரைவில் இறுகி உலர்வதற்கும் காரணமாகின்றது.

பிறவுனியில் இக்குறைகள் பெரிதாகத் தோன்றா. அது பொங்கவேண்டிய பண்டமன்று. மாவைப் பிணைக்கும் வேலையை முட்டை செய்கின்றது. சீனியும் கொழுப்பும் ஈரத்தைக் காத்து, இறுகுதலைத் தாமதப்படுத்துகின்றன. ஆதலால், அரிசி மாவை வெதுப்பிப் பழக விரும்பும் குடும்பத்துக்குப் பாணைவிடப் பிறவுனியே முதற் பாடமாதற்குத் தகுந்தது.

வீட்டிற் பரீட்சிக்கும் முறை

புதிய நெல்லினமொன்றைப் பரீட்சிப்போர் பழைய இனத்தையும் பக்கத்துக் கண்டத்தில் விதைத்து, இரண்டுக்கும் பசளையும் நீரும் ஒரே அளவாகக் கொடுப்பர். அன்றேல் விளைச்சலின் வேறுபாடு இனத்தால் வந்ததா, பசளையால் வந்ததா என்று அறிதல் இயலாது. சமையலறைப் பரீட்சைக்கும் இதே விதி பொருந்தும்.

மூன்று தட்டுகள் வேண்டும். முதலாவது தட்டில் கடையில் வாங்கிய பெட்டிக் கலவையை, அதிலுள்ள அறிவுறுத்தலின்படி செய்க. இரண்டாவது தட்டில், ஊறவைத்து இடித்த பச்சையரிசி மாவினாலான வீட்டுக் கலவையைச் செய்க. மூன்றாவது தட்டில், அதே அரிசியை ஊறவைக்காமல் உலர்வாக அரைத்த மாவினாலான கலவையைச் செய்க. கோதுமை மாவினாலும் ஒரு தட்டுச் செய்து ஒப்பிட விருப்பம் எழக்கூடும். அதனை வேறொரு நாளில், வேறு பாத்திரங்களிற் செய்தலே முறை. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

வீட்டுக் கலவையின் ஒரு தட்டுக்கு, அதாவது 20 சென்ரிமீற்றர் சதுரத் தட்டுக்கு, வேண்டிய பொருள்கள் வருமாறு:

அரிசி மா – 70 கிராம்
மரவள்ளி மாப்பொருள் – 20 கிராம்
கொக்கோத் தூள் – 35 கிராம்
சீனி – 180 கிராம்
உப்பு – கால் தேக்கரண்டி
பேக்கிங் பவுடர் – கால் தேக்கரண்டி
பட்டர் – 110 கிராம்
முட்டை – 2

சீனியும் பட்டரும் நீங்கலாக உள்ள உலர்ந்த பொருள்களை ஒன்றாக அரித்து வைத்துக்கொள்க. பட்டரை இளஞ்சூட்டில் உருக்கி, சீனியைச் சேர்த்துக் கலக்குக. சற்று ஆறியபின் முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி, கலவை பளபளப்பாகும் வரை நன்கு அடிக்க. மேற்பொருக்கு அழகாக அமைவது பெரும்பாலும் இவ்வடித்தலைப் பொறுத்தது. பின்னர் உலர்ந்த பொருள்களைச் சேர்த்துக் கலந்து, தட்டில் ஊற்றி, 30 நிமிடம் அப்படியே வைக்க. அரிசி மா ஈரத்தை மெதுவாகவே உறிஞ்சும். இவ்வவகாசம் கொடுக்கப்படாவிடின் பண்டம் பல்லில் நறநறக்கும்.

மின்போறணையாயின் 175 பாகை செல்சியசு வெப்பத்தில் 22 முதல் 25 நிமிடம் வரை வெதுப்புக. போறணை இல்லாதோர், அடி கனத்த பாத்திரமொன்றில் மணல் பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் தட்டை வைத்து, இறுக்கமான மூடியால் மூடிச் சிறு தீயில் வேகவைக்கலாம். நேரம் அடுப்புக்கேற்ப வேறுபடும். ஈர்க்கு ஒன்றைக் குற்றி எடுக்கும்போது ஈரமான துணுக்குகள் சில ஒட்டியிருத்தல் வேண்டும். ஈர்க்குச் சுத்தமாக வருமாயின் பிறவுனி அளவுக்கு மீறி வெந்துவிட்டது என்பது கருத்து. முற்றாக ஆறியபின்னரே வெட்டுதல் வேண்டும்.

மா தயாரித்தல்

புழுங்கலரிசி மா இதற்கு ஏற்றதன்று. பண்டம் கனத்து, கரடுமுரடாகும். பச்சையரிசியைக் கழுவி, நான்கு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, துணியிற் பரப்பி, ஈரம் சற்றே எஞ்சியிருக்கும்போது இடித்து, நுண்ணிய அரிதட்டில் அரித்தல் வேண்டும். பின்னர் அம்மாவை நன்கு உலர்த்தி வைக்க வேண்டும். ஊறிய அரிசி இலேசாக நொறுங்குவதால் மாப்பொருட் துணிக்கைகள் அதிகம் சிதைவதில்லை. உலர்ந்த அரிசியை ஆலையில் வேகமாக அரைக்கும்போது மா சூடேறி, துணிக்கைகள் சிதைந்து, நீரை அளவுக்கு மீறிக் குடிக்கின்றன. இடியப்பத்துக்கு அரிசியை ஊறவைத்து இடித்த பாட்டிமாரின் வழக்கத்தில் இவ்வறிவு அடங்கியிருந்தது.

ஆலையிற் பிரிக்கப்படும் குறுணலரிசி முழு அரிசியிலும் குறைந்த விலை பெறுவது. கல், தூசு நீக்கிச் சுத்தஞ் செய்யப்பட்ட பச்சைக் குறுணல் மாவுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. தவிடு நீக்காத சிவப்பரிசி மாவையும் பயன்படுத்தலாம். நிறமும் மணமும் கொக்கோவுடன் நன்கு பொருந்தும். ஆனால் தவிட்டிலுள்ள எண்ணெய் காரணமாக அம்மா விரைவிற் காறிப்போகும். ஆதலால் வேண்டிய அளவை மாத்திரம் அவ்வப்போது இடித்துக்கொள்க.

மரவள்ளி மாப்பொருளுக்கு, தோல் நீக்கிய கிழங்கைத் துருவி, நீரிற் பிசைந்து, துணியில் வடித்து, அடியிற் படியும் வெண்மையை மேலும் இருமுறை நீர் மாற்றிக் கழுவி, வெயிலில் உலர்த்துக. கிழங்கிலுள்ள நச்சுப் பொருள் நீரோடு கழிவதால் இக்கழுவுதலைச் சுருக்கலாகாது.

மரக்கறிச் செய்கையாளருக்கும் இங்கு ஓரிடமுண்டு. விலை வீழ்ந்த காலத்திற் பூசணிக்காயை அவித்து, நீர் வடித்து, மசித்து, பட்டரின் மூன்றிலொரு பங்குக்குப் பதிலாகச் சேர்க்கலாம். பண்டம் இரண்டாம் நாளிலும் ஈரமாக இருக்கும். ஆனால் நீர் மிகுவதால் கெடுதலும் விரைவாகும்; இரண்டு நாளுக்குள் உண்டு முடித்தல் நன்று.

பரீட்சையிற் காண்பது

ஊறவைத்து இடித்த மாவின் தட்டு மென்மையாகவும், உலர்வாக அரைத்த மாவின் தட்டுச் சற்று நறநறப்பாகவும் இருப்பதைப் பெரும்பாலும் காணலாம். பெட்டிக் கலவை மிக நுண்ணிதாக அரைக்கப்பட்டது. சில பெட்டிகளிற் சாந்தன் என்னும் பிசினும் சேர்க்கப்பட்டிருக்கும். பாணுக்கும் கேக்குக்கும் அப்பிசின் உதவுமாயினும், முட்டை சேர்த்த பிறவுனிக்கு அது அவசியமன்று.

மூன்று தட்டுகளையும் முதல் நாளும் மூன்றாம் நாளும் உண்டு பார்த்து, குறிப்புக் கொப்பியில் எழுதுக. எந்தத் தட்டு எதுவென அறியாத அயலவர் இருவரைக் கேட்டால் தீர்ப்பு நடுநிலையாக அமையும். பின்னர் பெட்டியின் விலையை அதன் நிறையாற் பிரித்துப் பார்க்க. வீட்டுக் கலவையின் செலவையும், உழைப்புக்குரிய கூலி உட்பட, அவ்வாறே கணித்துப் பக்கத்தில் எழுதுக.

அக்கணக்கு ஓர் உண்மையைப் புலப்படுத்தும். மேற்கூறிய உலர்ந்த கலவையில் அரிசி மா காற்பங்குக்கும் குறைவு; சீனியே பாதிக்கு மேல். ஆகவே பிறவுனி செய்து விற்பதால் நெல்லின் விற்பனை பெருகிவிடும் என்று எதிர்பார்த்தல் பொருந்தாது. ஆயின் பரீட்சையின் பயன் வேறிடத்தில் உள்ளது. எந்த நெல்லின் மா மென்மையானது, எவ்வளவு நேரம் ஊறவேண்டும், எத்தனை நாளில் மா மணம் மாறுகின்றது என்பவற்றைக் கற்ற குடும்பம், நல்ல அரிசி மாவைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டதாகும். பிறவுனி பரீட்சை மாத்திரமே. மாவே விலைபெறும் பொருள்.

ஒரு தேக்கரண்டி கோதுமை மா

இனி, அச்சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். சர்வதேச உணவு நியமமாகிய கோடெக்ஸ் விதிப்படி, குளூட்டனற்றது என விற்கப்படும் உணவில் ஒரு கிலோகிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது. இது எத்துணைச் சிறிய அளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கோதுமை மாவில் ஏறத்தாழ நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு குளூட்டன் உண்டு. ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 3 கிராம் கோதுமை மாவில், 240 மில்லிகிராமுக்குக் குறையாத குளூட்டன் அடங்கியிருக்கும். அவ்வொரு தேக்கரண்டி 12 கிலோகிராம் தூய அரிசி மாவை அவ்வெல்லைக்குக் கொண்டுவந்துவிடும்.

இப்பொழுது கிராமத்து வீடுகளையும் ஆலைகளையும் நோக்குக. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பிட்டுக்கு அவித்த கோதுமை மாவை அரிக்கும் அதே அரிதட்டில் அரிசி மாவும் அரிக்கப்படுகின்றது. இடியப்பத்துக்கு இரண்டு மாவையும் கலக்கும் வழக்கமும் உண்டு. ஒரே ஆலையில் முதலில் ஒருவரது கோதுமையும் அடுத்து மற்றவரது அரிசியும் அரைக்கப்படின், முன்னையதன் எச்சம் பின்னையதிற் கலத்தல் நிச்சயம். அரிதட்டின் கண்ணிகளில் ஒட்டிய மா, காற்றில் பறந்து படியும் மா, பழைய கோதுமை மாச் சாக்கு ஆகிய ஒவ்வொன்றும் அந்த ஒரு தேக்கரண்டியாகலாம். கடையில் வாங்கும் பேக்கிங் பவுடர், பெருங்காயத் தூள் என்பவற்றிலுங்கூடக் கோதுமை மா சேர்க்கப்பட்டிருக்கலாம். மோல்ற் சேர்ந்த கொக்கோப் பானத் தூள் வாற்கோதுமையிலிருந்து வருவது. அதனைக் கொக்கோத் தூளுக்குப் பதிலாகக் கொள்ளலாகாது.

எனவே, கோதுமை சேர்க்கப்படாதது என்பதும் குளூட்டனற்றது என்பதும் ஒன்றல்ல. முன்னையது செய்தவரின் எண்ணத்தைக் கூறுவது. பின்னையது உண்பவருக்குக் கொடுக்கும் உறுதிமொழி. நோயுடைய குழந்தையின் தாய் ஒருத்தி அவ்வுறுதிமொழியை நம்பியே துண்டை எடுத்துக் கொடுப்பாள். அது பொய்யாகுமாயின் தண்டனை அடைவது அக்குழந்தை.

எழுதவேண்டிய சொல்

ஆகவே வீட்டிலும் சிறு சங்கங்களிலும் செய்யப்படும் பிறவுனியையோ மாக்கலவையையோ விற்போர், 'அரிசி மாவினாற் செய்யப்பட்டது' என்று மாத்திரம் எழுதுதல் வேண்டும். கோதுமை கையாளப்படும் சமையலறையாயின் அதனையும் சேர்த்து எழுதுதல் நேர்மை. சுற்றுலா விடுதிகளுக்கு வழங்குவோரும் இவ்விதியைக் கைவிடலாகாது. அங்கு தங்கும் வெளிநாட்டவருள் இந்நோயுடையோர் இருத்தல் கூடும். உண்போரை ஏமாற்றும் விளம்பரத்தை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் தடைசெய்கின்றது. விற்பனைக்கு முன்னர் அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு ஆலோசனை பெறுக.

குளூட்டனற்றது என்னும் சொல்லை உரிமையோடு எழுத விரும்புவோர் அதற்குரிய விலையைக் கொடுத்தல் வேண்டும். கோதுமை ஒருபோதும் நுழையாத தனி அறை, அரிசிக்கென்றே ஒதுக்கிய ஆலை, புதிய அரிதட்டு, புதிய பைகள், ஒவ்வொரு தொகுதி மாவுக்கும் இலக்கமிட்ட பதிவேடு, ஆய்வுகூடப் பரிசோதனை ஆகியவை இன்றியமையாதன. தனியொரு குடும்பத்துக்கு இச்செலவு பெரும் பாரமாகும். கமக்காரர் அமைப்போ மாதர் சங்கமோ ஒன்றுகூடின் அது இயலாததன்று. அங்கு தயாராகும் மாவையே பிறவுனி செய்வோரும், இடியப்பம் செய்வோரும், வெளிநாடுகளுக்கு மா அனுப்புவோரும் தேடி வருவர்.

அந்நியப் பலகாரம் எதற்கு?

தொதலும் அரியதரமும் பயற்றம் பணியாரமும் இருக்க, அமெரிக்கப் பலகாரம் எதற்கு என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. அவற்றை விட்டுவிடுமாறு எவரும் கூறவில்லை. தூய மாவினாற் செய்யின் அரியதரமும் குளூட்டன் இல்லாததே. அதற்கும் வெளிநாட்டில் வாங்குவோர் உளர். ஆனால் கோதுமையும் இந்நாட்டிற்கு அந்நியப் பொருளே. இலங்கையில் அது வாணிகமுறையிற் பயிரிடப்படுவதில்லை. 1942இல் பர்மா அரிசி தடைப்பட்ட பின்னர் பங்கீட்டு உணவில் இடம்பிடித்த கோதுமை மா, யுத்தம் முடிந்த பின்னரும் அடுக்களையை விட்டு அகலவில்லை. 2022இல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அதன் விலை உயர்ந்தபோது, பாணை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட துன்பத்தை யாவரும் அறிவர். பிள்ளைகள் விரும்பும் பண்டங்களை அரிசி மாவினாலும் செய்யலாம் என்பதை வீடுகள் கற்றுக்கொள்ளுதல், அத்தகைய காலத்துக்கு ஒரு காப்பாகும்.

அடுத்த அறுவடையின்போது ஐந்து கிலோகிராம் பச்சையரிசியைப் பரீட்சைக்கென ஒதுக்கி வைக்க. புதிய அரிதட்டு ஒன்றை வாங்கி, அதனை அரிசி மாவுக்கு மாத்திரம் உரியதாக்குக. மூன்று தட்டுகளைச் செய்து, கண்டதை எழுதி வைக்க. நல்ல மாவைச் செய்யும் திறமை கைவந்த பின்னர் விற்பனையைப் பற்றி எண்ணலாம். அவ்வேளையிலும் உறுதியாக அறிந்ததை மாத்திரமே பொதியின் மேல் எழுதுக. விதைநெல்லில் கலப்பினம் சேர்த்து விற்பவரைக் கமக்காரர் மறுமுறை நாடுவதில்லை. மாவை வாங்குவோரும் அவ்வாறே என்பதை நினைவிற் கொள்க.